சவுதார் குளம்: சாவித்திரி ஆற்றங்கரை நகரின் அழகிய வளாகமும் அதன் அடியில் உறையும் வரலாறும்

மும்பையிலிருந்து கோவா செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 170 கிலோமீட்டர் தொலைவில், சாவித்திரி ஆற்றங்கரையில் அமைந்துள்ளது மகாத் நகரம். ராய்கட் மாவட்டத்தின் பழமையான வணிக நகரங்களுள் ஒன்று. நகரின் நடுவே, சாலைகளும் வீடுகளும் சூழ, நான்கைந்து ஏக்கர் பரப்பில் ஒரு குளம் இருக்கிறது. கட்டப்பட்ட கரைகள், படித்துறைகள், நடைபாதை, அண்ணல் அம்பேத்கரின் சிலை எனப் பார்ப்பதற்கு அழகியதொரு நகர்ப்பூங்காவைப் போலவே அது இன்று காட்சியளிக்கிறது. மாலையில் காற்று வாங்க வருவோரும், நாடெங்கிலுமிருந்து வணங்க வருவோரும் ஒரே கரையில் நடக்கின்றனர். அதுதான் சவுதார் குளம். 'சவ்தார்' என்னும் மராத்திச் சொல்லுக்குச் சுவையானது என்று பொருள். நீரின் சுவையால் பெயர் பெற்ற அந்தக் குளத்தில் ஒரு கை நீர் அள்ளிப் பருகியதற்காக மனிதர்கள் தடியால் அடிக்கப்பட்டனர். அடிபட்டவர்கள் தம் உரிமையை நீதிமன்றத்தில் நிலைநாட்டப் பத்தாண்டுகள் ஆயின.

1927 மார்ச்சில் நிகழ்ந்த மகாத் போராட்டத்தின் நூற்றாண்டு 2027 மார்ச்சில் நிறைவுறுகிறது. நூற்றாண்டுகள் வரும்போது சிலைகளுக்கு வண்ணம் பூசப்படும், கரைகளுக்குக் கருங்கல் பதிக்கப்படும், விளக்குகள் ஒளிரும். இவை யாவும் வேண்டியவையே. எனினும், ஒரு நகரம் தன் பொதுவெளியை அழகுபடுத்தும்போது எதை நினைவில் வைக்கிறது, எதை மண்ணுக்கடியில் தள்ளுகிறது என்னும் கேள்வி அதனினும் முதன்மையானது. அதற்கு விடை காண, அந்தக் குளம் எவ்வாறு 'பொது' ஆயிற்று என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

ஆறு உருவாக்கிய நகரம்

மகாபலேசுவரம் மலைப்பகுதியில் தோன்றும் சாவித்திரி, மேற்கு நோக்கிப் பாய்ந்து அரிகரேசுவரம் அருகே அரபிக்கடலில் கலக்கிறது. கடலின் ஓதம் ஆற்றினூடே வெகுதூரம் ஏறி வருவதால், பழங்காலத்தில் மகாத் பகுதிவரை படகுகள் வந்து சென்றன. மலைமேட்டின் விளைபொருள்கள் இங்கிறங்கிக் கடலுக்குச் சென்றன. கடல்வழி வந்தவை இங்கிருந்து கணவாய்கள் வழியே மேட்டுநிலம் ஏறின. இந்த வணிகத்தில்தான் நகரம் வளர்ந்தது.

நகருக்கு வடக்கே சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில், காந்தாரி ஆறு சாவித்திரியுடன் கூடுமிடத்திற்கு அருகிலுள்ள குன்றில் காந்தார்பாலே பௌத்தக் குடைவரைகள் உள்ளன. ஏறத்தாழ முப்பது குடைவரைகள் கொண்ட அத்தொகுதியில் பிராமி எழுத்துக் கல்வெட்டுகளும் காணப்படுகின்றன. கிறித்து ஆண்டின் தொடக்க நூற்றாண்டுகளிலேயே இந்த வணிகப் பாதையில் பௌத்தத் துறவிகள் தங்கினர் என்பதற்கு அவை சான்று. மறுபுறம், சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் சிவாஜி 1674இல் முடிசூடிய ராய்கட் கோட்டை நிற்கிறது. மகாதுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளில் பெரும்பாலோர் அறிந்த மரபு கோட்டையின் மரபே. குடைவரைகளும் குளமும் அந்தக் கோட்டையின் நிழலில் பல காலம் பேசப்படாமலேயே இருந்தன.

ஆறு செல்வத்தைத் தந்தது போலவே அழிவையும் தந்திருக்கிறது. 2016 ஆகஸ்ட் 2 அன்று இரவு, வெள்ளப்பெருக்கில் சாவித்திரியின் மீதிருந்த பிரித்தானியர் காலப் பாலம் இடிந்து, இரண்டு அரசுப் பேருந்துகள் அடித்துச் செல்லப்பட்டன. 2021 சூலையில் நகரமே வெள்ளத்தில் மூழ்கியது. நீரின் மிகுதியால் இவ்வளவு துன்புறும் ஊரில், ஒரு பகுதி மக்களுக்குக் குடிநீர் மறுக்கப்பட்டது இயற்கையின் செயலன்று. மழை அனைவருக்கும் பெய்தது. ஊற்று அனைவருக்கும் சுரந்தது. மறுத்தது சாதி.

போராட்டத்திற்கு முன்னரே விதைத்தவர்கள்

மகாத் என்றவுடன் அம்பேத்கரின் பெயர் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால், அவர் இந்நகருக்கு வருவதற்கு வெகுகாலம் முன்னரே இம்மண்ணில் விதை ஊன்றப்பட்டிருந்தது. மகாதை அடுத்த ராவ்தள் ஊரைச் சேர்ந்தவர் கோபால் பாபா வலங்கர். படையில் பணியாற்றி 1886இல் ஓய்வு பெற்றவர். மகாத்மா பூலேயின் சிந்தனைகளால் ஈர்க்கப்பட்டு, தீண்டாமைக்கு எதிராக இதழ்களில் தொடர்ந்து எழுதினார். 1888இல் அவர் வெளியிட்ட சிறுநூல், தீட்டு என்னும் கருத்தையே கேள்விக்குள்ளாக்கியது. மகர்களைப் படையில் சேர்ப்பதைப் பிரித்தானிய அரசு நிறுத்தியபோது, அதை எதிர்த்து விண்ணப்பம் வரைந்தவரும் அவரே. 1895இல் மகாத் வட்ட உள்ளாட்சி வாரியத்தில் அவர் உறுப்பினராக நியமிக்கப்பட்டபோது, அவருடன் அமர்வதற்குச் சாதி இந்து உறுப்பினர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். குளத்தங்கரையில் வெளிப்பட்ட அதே வெறுப்பு, முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஓர் அலுவலகத்தின் நாற்காலியைச் சுற்றி வெளிப்பட்டிருந்தது.

சாவித்திரிக் கரையிலுள்ள தாஸ்காவ் சிற்றூர் மற்றொரு விளைநிலம். படையிலிருந்து ஓய்வுபெற்ற மகர் குடும்பங்கள் பல இப்பகுதியில் வாழ்ந்தன. படைவாழ்க்கை அவர்களுக்கு எழுத்தறிவையும் ஓய்வூதியத்தையும் நிமிர்ந்த முதுகையும் தந்திருந்தது. தாஸ்காவ் பகுதியில் 1903இல் பிறந்த ராமச்சந்திர பாபாஜி மோரே, பள்ளியில் உதவித்தொகை பெறும் அளவுக்குச் சிறந்த மாணவர். ஆயினும் மகாத் ஆங்கிலப் பள்ளி அவரைச் சேர்க்க மறுத்தது. சிறுவனாக இருந்தபோதே அந்த அநீதியை நாளேட்டுக்கு எழுதி வெளிக்கொணர்ந்து அவர் இடம் பெற்றார். பின்னாளில் 1927 மாநாட்டை ஏற்பாடு செய்த முதன்மையானவர்களுள் ஒருவராகவும், அதன்பின் பொதுவுடைமை இயக்கத் தலைவராகவும் விளங்கினார்.

சந்தைக்கும் நீதிமன்றத்திற்கும் ஊர்களிலிருந்து மகாதுக்கு வந்த தீண்டப்படாத மக்களுக்கு, ஒரு குவளை நீர் கிடைக்கும் இடமே நகரில் இல்லை. அதனால் அவர்கள் அமர்ந்து நீரும் தேநீரும் அருந்த ஒரு கடை திறக்கப்பட மோரே முயற்சி எடுத்தார். அந்தக் கடையே மெல்ல மெல்ல மக்கள் கூடிப் பேசும் இடமாகவும், மாநாட்டுக்கான சிந்தனை உருப்பெற்ற இடமாகவும் மாறியது. பெரும்போராட்டங்கள் மேடையில் பிறப்பதற்கு முன் இத்தகைய சிறிய இடங்களில்தான் கருக்கொள்கின்றன.

தாளில் கிடைத்த உரிமை

1923 ஆகஸ்ட் 4 அன்று பம்பாய் சட்டமன்றத்தில் சீ. கே. போலே ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றினார். பொதுப்பணத்தில் கட்டப்பட்ட அல்லது பராமரிக்கப்படும் நீர்நிலைகள், கிணறுகள், தருமசாலைகள், பள்ளிகள், மருத்துவமனைகள் ஆகியவற்றைத் தீண்டப்படாத வகுப்பினரும் பயன்படுத்தலாம் என்பதே அதன் சாரம். 1924 சனவரியில் மகாத் நகராட்சியும் சவுதார் குளத்தை அவர்களுக்குத் திறந்துவிடுவதில் தனக்கு மறுப்பில்லை எனத் தீர்மானித்தது. அரசின் ஆணையை உள்ளாட்சிகள் மதிக்காததைக் கண்ட போலே, 1926இல் மீண்டும் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். ஆணையை நடைமுறைப்படுத்தாத உள்ளாட்சிகளுக்கு அரசு மானியத்தை நிறுத்த வேண்டும் என்றது அது.

இதே காலத்தில் சென்னை மாகாணத்திலும் இதற்கு இணையான முயற்சி நடந்தது. 1924 ஆகஸ்டில் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுச்சாலைகள், பொது அலுவலகங்கள், கிணறுகள், குளங்கள் ஆகியவற்றில் எவரையும் தடுக்கலாகாது என வலியுறுத்தியது. அது அரசாணையாகவும் வெளிவந்தது. இரு மாகாணங்களிலும் ஆணைகள் இருந்தன. இரு மாகாணங்களிலும் ஊர்கள் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. தீர்மானம் இயற்றிய பின்னரும் மகாதின் தீண்டப்படாத மக்களில் ஒருவர்கூட அந்தக் குளத்தில் இறங்க இயலவில்லை. சட்டத்தில் உள்ள உரிமைக்கும் படித்துறையில் உள்ள உரிமைக்கும் இடையே இருந்த தொலைவைக் கடப்பதற்காகவே மாநாடு கூட்டப்பட்டது.

1927 மார்ச்: நாற்பது ரூபாய் நீர்

1927 மார்ச் 19, 20 ஆகிய நாட்களில் கொலாபா மாவட்ட ஒதுக்கப்பட்டோர் மாநாடு மகாதில் நடைபெற்றது. கொங்கணத்தின் பல ஊர்களிலிருந்தும் சில ஆயிரம் பேர் நடந்தே வந்து சேர்ந்தனர். மாநாட்டுக்கு வந்தவர்களின் தாகம் தீர்க்கச் சாதி இந்துக்களிடமிருந்து நாற்பது ரூபாய்க்கு நீர் விலைக்கு வாங்க நேர்ந்தது. சில நிமிட நடைத்தொலைவில் ஒரு குளம் நிறைந்திருக்க, அதன் நீரைப் பயன்படுத்தும் உரிமை நகராட்சித் தீர்மானத்தில் எழுதப்பட்டிருக்க, நீர் காசு கொடுத்து வாங்கப்பட்டது. தீண்டாமை என்பது வெறும் மனப்போக்கன்று, அது ஒரு பொருளாதார ஏற்பாடும் ஆகும் என்பதற்கு இந்த நாற்பது ரூபாயைவிடச் சுருக்கமான விளக்கம் இல்லை.

மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் மக்கள் அணியணியாக நகர வீதிகள் வழியே நடந்து சவுதார் குளத்தை அடைந்தனர். அம்பேத்கர் நீரை அள்ளிப் பருகினார், மக்களும் பருகினர். பின் அமைதியாக மாநாட்டுப் பந்தலுக்குத் திரும்பினர். சுமார் இரண்டு மணி நேரத்திற்குள், தீண்டப்படாதவர்கள் வீரேசுவரர் கோயிலுக்குள்ளும் நுழையப் போகிறார்கள் என்னும் வதந்தி நகரெங்கும் பரப்பப்பட்டது. தடிகளுடன் வந்த கும்பல், பந்தலில் உணவு உண்டுகொண்டிருந்தவர்களையும் ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்களையும் தாக்கியது. சமைத்த உணவு மண்ணில் கொட்டப்பட்டது. அடிபட்டவர்களில் சிலருக்கு அருகிலிருந்த இசுலாமியர் வீடுகள் அடைக்கலம் தந்தன. திருப்பித் தாக்குவதற்கான வலிமையும் படைப்பயிற்சியும் கொண்டோர் அக்கூட்டத்தில் பலர் இருந்தனர். அம்பேத்கர் அவர்களைத் தடுத்து, சட்டத்தின் வழி செல்லுமாறு பணித்தார். பின்னர் தாக்குதல் வழக்கில் ஐவருக்கு நான்கு மாதக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது.

இந்நிகழ்வில் உடன் நின்ற பிற சாதியினரையும் வரலாறு பதிந்துள்ளது. நகராட்சித் தலைவராக இருந்த சுரேந்திரநாத் திப்னிஸ், அனந்தராவ் சித்ரே, கங்காதர் நீலகண்ட சகஸ்ரபுத்தே ஆகியோர் சமூக விலக்கத்திற்கு அஞ்சாது இயக்கத்துடன் இணைந்து நின்றனர்.

தீட்டு கழித்தல் என்னும் அறிக்கை

அடி உதையுடன் நிகழ்வு முடிந்துவிடவில்லை. 'தீட்டுப்பட்ட' குளத்தைத் தூய்மைப்படுத்த வேண்டும் எனச் சாதி இந்துக்கள் முடிவு செய்தனர். 108 மண்குடங்களில் குளத்து நீரை முகந்து, அவற்றில் பால், தயிர், மாட்டுச்சாணம், மாட்டு மூத்திரம் ஆகியவற்றைக் கலந்து, வேத மந்திரங்கள் முழங்க மீண்டும் குளத்தில் ஊற்றினர். குளம் தூய்மையாகிவிட்டது என அறிவிக்கப்பட்டது.

இச்சடங்கை மூடநம்பிக்கை எனச் சிரித்துக் கடந்துவிடலாகாது. அது ஓர் அரசியல் அறிக்கை. விலங்கின் கழிவு தூய்மை தரும். மனிதனின் கை அசுத்தம் தரும் என்று ஊரறிய உரைத்த அறிக்கை. இன்னும் நுட்பமாக நோக்கினால், குளத்தின் உரிமையாளர் எவர் என்பதையும் அச்சடங்கு உரைத்தது. தீட்டு கழிப்பவனே உடைமையாளன், தீட்டாக்கியவன் அயலான். தடியடி உடலைத் தாக்கியது என்றால், சடங்கு உரிமையைத் தாக்கியது. 1927 ஆகஸ்ட் 4 அன்று மகாத் நகராட்சி தன் 1924ஆம் ஆண்டுத் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றபோது, சடங்கு சொன்னதை நிர்வாகமும் வழிமொழிந்தது.

நீரைக் கொண்டு இழிவுபடுத்தும் இம்முறை பழங்கதையாகிவிடவில்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியலின மக்களுக்கான குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. அங்கு சடங்கு இல்லை; ஆயினும் குடிநீரே இழிவின் கருவியாக்கப்பட்ட கொடுமை மகாதை நினைவூட்டாமல் இல்லை.

மீண்டும் ஆற்றின் வழியே

நகராட்சி பின்வாங்கியதும், 1927 டிசம்பர் 25 முதல் மீண்டும் மகாதில் கூடி உரிமையை நிலைநாட்டுவது என முடிவாயிற்று. இம்முறை எதிர்ப்பாளர்கள் நீதிமன்றத்தை நாடினர். குளம் தங்களின் தனிச்சொத்து என வழக்குத் தொடுத்து, டிசம்பர் 14 அன்று அம்பேத்கருக்கும் பிறருக்கும் எதிராக இடைக்காலத் தடையாணை பெற்றனர். மாநாட்டுக்கு நிலம் தர இந்துக்கள் எவரும் முன்வரவில்லை; இசுலாமியர் ஒருவர் தம் நிலத்தைத் தந்தார். நகர வணிகர்கள் பொருள் விற்க மாட்டார்கள் என்பதை அறிந்து, தானியங்களும் பிற பொருள்களும் முன்கூட்டியே சேர்த்துவைக்கப்பட்டன.

தரைவழியில் ஊர்தி உரிமையாளர்களின் ஒத்துழையாமை இருந்ததால், அம்பேத்கரும் தோழர்களும் பம்பாயிலிருந்து 'பத்மாவதி' என்னும் கப்பலில் புறப்பட்டனர். கடலில் சென்று, ஆற்றுக்குள் நுழைந்து, டிசம்பர் 25 நண்பகலில் தாஸ்காவ் துறையில் இறங்கினர். அங்குக் காத்திருந்த ஆயிரக்கணக்கான மக்களுடன், சுமார் ஐந்து மைல் நடந்து மகாதை அடைந்தனர். பழங்கால வணிகர்களைச் சுமந்த அதே சாவித்திரி, சாலை மறுக்கப்பட்டவர்களுக்கு வழி தந்தது.

அன்று இரவு மாநாட்டுத் திடலில் அமைக்கப்பட்ட குழியில் மனுநீதி நூல் எரிக்கப்பட்டது. அதற்கான தீர்மானத்தை முன்மொழிந்தவர் பிறப்பால் பார்ப்பனரான சகஸ்ரபுத்தே. அம்மாநாட்டு உரையில் அம்பேத்கர் தம் நோக்கத்தைத் தெளிவாக வரையறுத்தார். சவுதார் குளத்தின் நீரைக் குடித்தால் அழியா வாழ்வு கிட்டும் என்பதற்காக வரவில்லை. குடிக்காததால் இதுவரை இறந்துபோகவும் இல்லை. நாமும் மற்றவரைப்போல மனிதர்களே என்பதை நிலைநாட்டவே குளத்திற்குச் செல்கிறோம் என்பது அவர் கூற்றின் சாரம். 1789இல் பிரான்சில் கூடிய தேசிய அவையுடன் அம்மாநாட்டை அவர் ஒப்பிட்டார்.

ஏறத்தாழ நான்காயிரம் பேர் சிறை செல்லவும் ஆயத்தமாகப் பெயர் பதிவு செய்திருந்தனர். மாவட்ட ஆட்சியர் நேரில் வந்து நீதிமன்ற ஆணையை மதிக்குமாறு வேண்டினார். நெடிய விவாதத்திற்குப் பின், குளத்தில் இறங்குவது ஒத்திவைக்கப்பட்டது. மக்கள் நகரைச் சுற்றி ஊர்வலமாகச் சென்று திரும்பினர். இதைப் பின்வாங்கல் எனச் சிலர் கருதினர். குளம் பொதுச்சொத்து என்பதைச் சட்டத்தின் முன் மெய்ப்பித்தால் எவரும் அதை மறுக்க இயலாது என்பது அம்பேத்கரின் கணிப்பு. அந்த மெய்ப்பித்தல் அவர் எண்ணியதைவிட நீண்டது.

பத்தாண்டு வழக்கு: 'பொது' என்பதன் பொருள் என்ன?

இடைக்காலத் தடை 1928 பிப்ரவரியில் நீக்கப்பட்டது. மூல வழக்கில் 1931 சூன் 8 அன்று மகாத் நீதிமன்றம் அம்பேத்கர் தரப்புக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1933 சனவரியில் தானே மாவட்ட நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளியது. இறுதியாக 1937 மார்ச் 17 அன்று, பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நீதிபதிகள் புரூம்ஃபீல்டும் வாடியாவும் தீர்ப்பை உறுதி செய்தனர். முதல் மாநாடு முடிந்து ஏறத்தாழ பத்தாண்டுகள் ஆகியிருந்தன.

இத்தீர்ப்பு எதன் அடிப்படையில் அமைந்தது என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. எதிர்தரப்பின் வாதம் இரு படிகளைக் கொண்டது. முதலாவது, குளம் தனியார் உடைமை என்பது. குளத்தைச் சுற்றி வீடுகளும் படித்துறைகளும் அவர்களுக்கு இருந்தன என்பதே அதன் பிடிமானம். குளம் நகராட்சியைச் சார்ந்தது எனக் கண்ட நீதிமன்றங்கள் அவ்வாதத்தை ஏற்கவில்லை. இரண்டாவது, நகராட்சிக்கு உரியதாயினும், தீண்டப்படாதவர்களை விலக்கிவைப்பது நினைவுக்கெட்டாத காலந்தொட்டு வரும் வழக்காறு என்பது. ஆங்கிலேயர் வழிவந்த சட்டத்தில், மிகத்தொன்மையான வழக்காறு மெய்ப்பிக்கப்பட்டால் அதற்குச் சட்டத்தின் வலிமை உண்டு. அத்தொன்மையை வாதிகள் மெய்ப்பிக்கவில்லை என்பதே உயர்நீதிமன்றத்தின் முடிவு.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. தீண்டாமை அநீதியானது என்பதற்காக அம்பேத்கர் வெல்லவில்லை. அந்த அநீதி போதிய அளவு தொன்மையானது எனக் காட்டப்படாததால் வென்றார். வழக்காறு இன்னும் பழமையானது என ஆவணம் காட்டப்பட்டிருந்தால், அதே சட்டம் வேறுவிதமாகத் தீர்ப்பளித்திருக்கக்கூடும். 'மரபு', 'பாரம்பரியம்', 'தொன்று தொட்ட வழக்கம்' என்னும் சொற்கள் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஏன் அச்சமூட்டுகின்றன என்பதற்கு இதுவே சான்று. எந்தப் பாரம்பரியம் இன்று சுற்றுலாத் துறையின் பெருமையாக விற்கப்படுகிறதோ, அதே சொல் ஒரு காலத்தில் ஒரு மனிதனைக் குளத்திலிருந்து விரட்டும் சட்டவாதமாக இருந்தது.

குளத்திலிருந்து பூங்கா வரை

இந்த ஓட்டையை அடைத்தது அரசமைப்புச் சட்டம். தொன்மை காட்டி விலக்குவதற்கு அது இடந்தரவில்லை. 17ஆம் உறுப்பு தீண்டாமையை எவ்வடிவிலும் ஒழித்தது. 15ஆம் உறுப்பின் இரண்டாம் கூறு, அரசு நிதியில் முழுமையாகவோ பகுதியாகவோ பராமரிக்கப்படும் கிணறுகள், குளங்கள், குளிக்கும் துறைகள், சாலைகள், பொதுமக்கள் கூடும் இடங்கள் ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் சாதியின் பெயரால் எந்தத் தடையும் கூடாது என்கிறது. அந்தப் பட்டியலைப் படிக்கும்போது அதில் சவுதார் குளத்தின் படித்துறை தெரிகிறது. போலே தீர்மானத்தின் மொழி அதில் ஒலிக்கிறது. பொதுமக்கள் கூடும் இடம் என்பதில் நகராட்சிப் பூங்காவும் அடங்கும். ஆற்றங்கரை நடைபாதையும் அடங்கும்.

1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், இவ்விடங்களில் தீண்டாமையின் பெயரால் தடுப்பதைக் குற்றமாக்கியது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டபோது, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் ஆறு, ஓடை, ஊற்று, கிணறு, குளம், குழாய், குளிக்கும் துறை முதலியவற்றைப் பிறரோடு சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பது வன்கொடுமையாகவே வெளிப்படையாக எழுதப்பட்டது. மகாதில் தொடங்கிய வாதம் சட்டநூலின் வரியாக நிலைபெற 88 ஆண்டுகள் ஆயின.

ஆயினும் தடுத்தல் என்பது இன்று பெரும்பாலும் தடியுடன் வருவதில்லை. பூங்கா எந்தத் தெருவை ஒட்டி அமைக்கப்படுகிறது, எந்தத் தெருவில் குப்பைக் கிடங்கு அமைகிறது, ஆற்றங்கரையை அழகுபடுத்தும்போது எவருடைய குடிசைகள் ஆக்கிரமிப்பு எனப் பெயர் பெற்று அகற்றப்படுகின்றன, அந்தப் பூங்காவைக் கூட்டிப் பெருக்குவோர் யார், அங்கு மாலையில் அமர்ந்திருப்போர் யார் என்னும் கேள்விகளில் அது மறைந்திருக்கிறது. பெயர்ப்பலகையில் தடை இல்லை. நகரின் வரைபடத்தில் இருக்கிறது. உயர்நீதிமன்றத் தீர்ப்பே குறிப்பிட்ட ஓர் உண்மை, சவுதார் குளத்தைச் சுற்றித் தீண்டப்படாதோர் எவரும் குடியிருக்கவில்லை என்பதாகும். குளத்தில் இறங்கும் உரிமை பேசப்படுமுன்பே, குளத்தருகே வாழும் உரிமை பறிக்கப்பட்டிருந்தது.

அழகு மறைப்பதும் காட்டுவதும்

சவுதார் குளத்திற்குக் கரை கட்டுவதும் விளக்கு போடுவதும் தவறன்று. ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 20 அன்றும் டிசம்பர் 25 அன்றும் திரண்டு வரும் மக்களுக்கு நிழலும் குடிநீரும் கழிப்பிடமும் தூய்மையான கரையும் வேண்டும். மனுநீதி எரிக்கப்பட்ட இடத்தில் நிற்கும் புரட்சித் தூணும் பேணப்பட வேண்டும். ஒடுக்கப்பட்ட மக்களின் நினைவிடங்களுக்குச் செலவிடும்போது மட்டும் 'வீண்செலவு' என எழும் குரல், கோட்டைகளுக்கும் அரண்மனைகளுக்கும் செலவிடும்போது எழுவதில்லை என்பதையும் நாம் அறிவோம்.

நமது அக்கறை வேறு. சிலை மட்டும் இருந்து, கதை இல்லாமற் போனால், காலப்போக்கில் அது ஒரு பெருந்தலைவர் நீர் அருந்திய இனிய இடமாக மட்டுமே எஞ்சும். நீர் அருந்தியதை எதிர்த்தவர்கள் யார், எதைக் காட்டி எதிர்த்தார்கள் என்பது மறைந்துவிடும். நடந்தது ஒரு மோதல் என்பதே மறைந்துவிடும். ஒடுக்கியவரின் பெயரில்லாத ஒடுக்குமுறை வரலாறு, ஒடுக்கப்பட்டவரின் வீரத்தையும் அரைகுறையாக்கிவிடும்.

எனவே, அக்குள வளாகத்திற்கு வரும் ஒரு பள்ளிச் சிறுமி அங்கே சிலவற்றைப் படித்தறிய வேண்டும். நாற்பது ரூபாய்க்கு வாங்கிய நீரைப் பற்றி, 108 குடங்களைப் பற்றி, 1924இல் நிறைவேற்றி 1927இல் திரும்பப் பெற்ற நகராட்சித் தீர்மானங்களைப் பற்றி, பத்தாண்டு வழக்கைப் பற்றி அங்கே எழுதியிருக்க வேண்டும். ராவ்தளின் வலங்கருக்கும் தாஸ்காவின் மோரேக்கும், பெயர் பதியப்படாமல் நடந்தே வந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கும் அங்கே இடம் வேண்டும். டிசம்பர் மாநாட்டில் அம்பேத்கர் தனியே உரையாற்றிய பெண்களுக்கு இடம் வேண்டும். வீட்டுக்கு நீர் சுமந்தவர்கள் பெண்களே என்பதால் நீர் மறுப்பின் முழுச் சுமையையும் தாங்கியவர்கள் அவர்கள்தாம். அடைக்கலமும் நிலமும் தந்த இசுலாமியர்களுக்கும் இடம் வேண்டும். காந்தார்பாலே குடைவரையிலிருந்து தாஸ்காவ் துறை வழியாகக் குளம் வரையிலான பாதை ஒரே வரலாற்றுப் பாதையாகக் காட்டப்பட வேண்டும். ராய்கட் ஏறுவோர் மகாதிலும் இறங்கிச் செல்ல அதுவே வழி.

இவற்றுக்கெல்லாம் பெரும் பொருட்செலவு தேவையில்லை. உண்மையை எழுதும் துணிவு தேவை. ஒரு நகரம் தன் பெருமையை மட்டுமே பலகையில் எழுதினால் அது விளம்பரம். தன் பிழையையும் சேர்த்து எழுதினால்தான் அது வரலாறு. சவுதார் குளத்தின் நீரைத் தீட்டு என்று சொன்ன நகராட்சியின் வழிவந்த அமைப்பே இன்று அந்தக் குளத்தைப் பேணுகிறது. அந்த அமைப்பு தன் 1927 ஆகஸ்ட் தீர்மானத்தைக் குளக்கரையில் கல்லில் பொறித்து வைக்குமானால், நூற்றாண்டு விழாவின் மிகச்சிறந்த நினைவுச்சின்னம் அதுவாகவே இருக்கும்.

பொதுவெளி என்பது எவரும் இலவசமாகத் தந்த கொடையன்று. நாம் இன்று தயக்கமின்றி அமரும் ஒவ்வொரு பூங்கா இருக்கைக்கும், கால் நனைக்கும் ஒவ்வொரு படித்துறைக்கும் பின்னால், அங்கு அமரவோ இறங்கவோ கூடாது எனத் தடுக்கப்பட்ட ஒருவரும், தடையை மீறிய ஒருவரும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டின் ஊர்களிலும் இத்தகைய குளங்கள் உண்டு, கிணறுகள் உண்டு, தெருக்கள் உண்டு. அவற்றில் எது எப்போது யாரால் திறக்கப்பட்டது என்பதைப் பதிந்து வைப்பவர் சிலரே. மகாதின் நூற்றாண்டு நமக்குத் தரும் பணி அதுவே: நம் ஊரின் குளக்கரைகளில் நடந்து, அவை எவ்வாறு பொது ஆயின என்று முதியவர்களிடம் கேட்பது, இன்னும் பொது ஆகாதவை எவை என்று நம்மையே கேட்டுக்கொள்வது.